ஹைபர்பாரிக் ஆக்சிஜன் நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுமா, அடக்குமா?

கேட்டது இதுதான். அம்மாவுக்கு ருமட்டாய்டு மூட்டுவாதம், அதற்காக எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து எடுத்துக்கொள்கிறார். ஹைபர்பாரிக் ஆக்சிஜன், அதாவது உயரழுத்த ஆக்சிஜன் தரும் சேம்பரில் சில வாரம் போய் உட்கார்ந்தால் எதிர்ப்பு சக்தி கூடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். எதிர்ப்பு சக்தியே தன் மூட்டைத் தாக்குகிற நோயில் அதை இன்னும் கூட்டிவிட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் பயம். இதற்கிடையில் அதே சிகிச்சை எதிர்ப்பு சக்தியை அடக்கும் என்றும் எங்கோ படித்துவிட்டீர்கள்.

இரண்டு பேச்சுக்கும் பின்னால் உண்மையான பரிசோதனைகள் இருக்கின்றன. எந்த வெள்ளையணு, எந்தத் திசுவில் நிற்கிறது, அங்கே ஏற்கெனவே எவ்வளவு ஆக்சிஜன் இருந்தது, நோயாளி எத்தனையாவது தடவையாக சேம்பருக்குள் போகிறார் என்பதையெல்லாம் பொறுத்து விளைவு மாறும். ஒரு பரிசோதனையை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வாதாடலாம்.

முதலில் சேம்பருக்குள் நடப்பது. வழக்கமான சிகிச்சையில் 2 முதல் 2.8 அட்மாஸ்பியர் அழுத்தத்தில், சுத்தமான ஆக்சிஜனை ஒன்றரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை சுவாசிக்க வைப்பார்கள். பல இடங்களில் நடுநடுவே சில நிமிடம் சாதாரணக் காற்றும் கொடுப்பார்கள். நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே கிட்டத்தட்ட முழுக்க ஆக்சிஜனால் நிரம்பித்தான் இருக்கிறது; அதில் ஏற்ற இனி இடமில்லை. கூடுவது பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். சாதாரணமாக 100 மில்லி ரத்தத்தில் 0.3 மில்லிதான் அப்படிக் கரைந்திருக்கும். 3 அட்மாஸ்பியரில் அது 6 மில்லி அளவுக்கு ஏறும். ஓய்வில் இருக்கும் உடல் அதே 100 மில்லி ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 5 மில்லி. அதாவது ஹீமோகுளோபினே இல்லாவிட்டாலும் சமாளித்துவிடலாம். ஆம்ஸ்டர்டாமில் ஈடே பூரெமா என்ற அறுவை மருத்துவர் 1960-ல் இதைப் பன்றிகளில் செய்தே காட்டினார். சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுக்க எடுத்துவிட்ட பிறகும், உயரழுத்த ஆக்சிஜனில் அவை உயிரோடு இருந்தன.

இப்போது எதிர்ப்பு சக்திக்கு வருவோம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுதான் கிருமியிடம் முதலில் போய்ச் சேரும் ஆள். கிருமியை விழுங்கியதும் அது தன் சவ்வில் இருக்கும் ஒரு நொதியை முடுக்கிவிடும். அந்த நொதி ஆக்சிஜனைப் பிடித்து சூப்பராக்சைடாக மாற்றும். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும், பிறகு பிளீச்சில் இருக்கும் அதே ஹைப்போகுளோரைட் வகைப் பொருளும் உண்டாகும். கிருமியைக் கொல்வதில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான். இதற்காக அந்த அணு சில நிமிடங்களில் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆக்சிஜனை உறிஞ்சும். ஆக்சிஜன் இங்கே சுவாசத்துக்கு இல்லை, ஆயுதம் செய்யும் மூலப்பொருள்.

அந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகள் இருக்கிறார்கள். நாட்பட்ட கிரானுலோமா நோய் என்று அதற்குப் பெயர். அவர்களுக்கு வெள்ளையணு எண்ணிக்கை போதுமான அளவு இருக்கும், கிருமியை விழுங்கவும் செய்யும், ஆனால் கொல்ல முடியாது. ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையும் திரும்பத் திரும்ப வந்து படுத்தும். ஆறாத புண்ணில் நடப்பதும் ஓரளவு இதுதான், காரணம்தான் வேறு. நொதி நன்றாக இருக்கிறது, ஆக்சிஜன் வரவில்லை. நல்ல திசுவில் ஆக்சிஜன் அழுத்தம் 40 மி.மீ. பாதரசத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ரத்த ஓட்டம் கெட்டுப்போன புண்ணில் அது 20-க்கும் கீழே இறங்கிவிடும், நடுப்பகுதியில் இன்னும் மோசம். 30, 40-க்குக் கீழே போகப்போக நியூட்ரோஃபிலின் கொல்லும் திறன் சரிந்துகொண்டே வரும்.

ஜான் மேடர் என்பவரின் குழு 1980-ல் வெளியிட்ட முயல் ஆய்வு இதை நேரடியாக அளந்தது. எலும்பில் ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்றை உண்டாக்கி, அந்த எலும்புக்குள்ளேயே ஆக்சிஜனை அளந்தார்கள். தொற்றிய எலும்பில் 20 மி.மீ. சொச்சம்தான் இருந்தது, உயரழுத்த ஆக்சிஜனில் அது 100-ஐத் தாண்டியது. அந்த அளவு ஆக்சிஜனில் வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்லும் வேகமும் மீண்டது. அமினோகிளைகோசைடு வகை ஆன்டிபயாட்டிக்குகள் கிருமிக்குள் நுழையவே ஆக்சிஜன் வேண்டும் என்பதால், மருந்துக்கும் கொஞ்சம் கை கொடுத்த மாதிரி ஆகிறது.

"எதிர்ப்பு சக்தி கூடும்" என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் கவனியுங்கள், இது பட்டினி கிடந்த இடத்துக்குச் சாப்பாடு போட்ட கதை. உங்கள் நுரையீரலும் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் உங்கள் நியூட்ரோஃபில்கள் பட்டினியில் இல்லை. அவற்றுக்கு மேலும் ஆக்சிஜன் கொடுத்து சளி, காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இந்த ஆய்வுகள் எந்த ஆதாரமும் தரவில்லை. விளம்பரங்களில் முதலில் காணாமல் போவது இந்த வேறுபாடுதான்.

அப்புறம், எதிர்ப்பக்கம். எனக்கு இதுதான் கூடுதல் சுவாரசியம்.

ஒரு காலுக்குப் போகும் ரத்தம் சில மணி நேரம் அடைபட்டு, பிறகு திறக்கிறது என்று வையுங்கள். ரத்தம் திரும்பி வருவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கெடுதலில் ஒரு பெரிய பங்கு அதற்குப் பிறகுதான் நடக்கிறது. நியூட்ரோஃபில்கள் சிறு ரத்தக் குழாய்களின் உள்சுவரில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, கிருமிக்காக வைத்திருந்த அதே ஆயுதத்தைச் சொந்தத் திசுவின் மேல் கொட்டிவிடுகின்றன. வில்லியம் ஜம்போனியின் குழு எலியின் தசையில் ரத்த ஓட்டத்தை 4 மணி நேரம் நிறுத்தித் திறந்துவிட்டு, அந்தக் குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தது. உயரழுத்த ஆக்சிஜன் கொடுத்த எலிகளில் சுவரில் ஒட்டிய வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. ஆக்சிஜன் கூடினால் ஆக்சிஜனால் வரும் சேதமும் கூடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியம்தான்.

எப்படி என்று துருவியவர் ஸ்டீஃபன் தாம். கார்பன் மோனாக்சைடு நச்சில் மூளை கெடுவதை எலிகளில் ஆராய்ந்தபோது, 1993-ல் ஒரு விஷயத்தைப் பிடித்தார். நியூட்ரோஃபில் குழாய்ச்சுவரைப் பற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் பீட்டா-2 இன்டெக்ரின் என்ற புரதக் கொக்கி, உயரழுத்த ஆக்சிஜனுக்குப் பிறகு கொஞ்ச நேரம் சரியாக வேலை செய்வதில்லை. பின்னாளில் காரணமும் துலங்கியது. அதிக ஆக்சிஜனில் அணுவுக்குள் நைட்ரிக் ஆக்சைடு சார்ந்த சேர்மங்கள் கூடுகின்றன. அவை அணுவின் உட்சட்டகமாக இருக்கும் ஆக்டின் என்ற புரதத்தில் போய் ஒட்டுகின்றன. அதனால் கொக்கிகள் ஓரிடத்தில் திரளும் ஒழுங்கு குலைகிறது. கொக்கி இருக்கிறது, பிடி இல்லை.

பிடி இல்லை என்றதும், அப்படியானால் தொற்று வந்தால் கதி என்ன என்று கேட்கத் தோன்றும். இங்கேயும் ஒரு பிறவி நோய் அளவுகோலாக இருக்கிறது. பீட்டா-2 இன்டெக்ரின் பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு தொப்புள்கொடி விழவே வெகுநாள் ஆகும், உயிரைக் குடிக்கும் தொற்றுகள் வரும், சீழே பிடிக்காது. உயரழுத்த ஆக்சிஜன் அந்த நிலையை உண்டாக்குவதில்லை. கிருமியின் நச்சோ, கிருமி இருக்கும் இடத்திலிருந்து வரும் ரசாயன அழைப்போ வந்தால், நியூட்ரோஃபில் வேறொரு வழியாகக் கொக்கியைத் திரட்டிவிடும். விழுங்குவதும் கொல்வதும் குறையவில்லை. தேவையில்லாத இடத்தில் ஒட்டுவது குறைகிறது, தேவைப்படும் இடத்துக்குப் போவது நிற்கவில்லை. தொற்று இருக்கும் நோயாளிகளுக்கு இந்தச் சிகிச்சையைத் துணிந்து கொடுக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள், அதாவது அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதங்கள் பக்கம் பார்த்தாலும் தணிவுதான். நலமாக இருப்பவர்களின் ரத்தத்திலிருந்து மோனோசைட்டு என்ற வெள்ளையணுக்களை எடுத்து, உயரழுத்த ஆக்சிஜனில் வைத்துவிட்டு, கிருமி நச்சால் தூண்டிப் பார்த்திருக்கிறார்கள். டி.என்.எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-1 என்ற இரண்டு சைட்டோகைன்களும் குறைவாகச் சுரந்தன. அழுத்தம் மட்டும் கொடுத்தாலோ, அழுத்தமில்லாமல் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தாலோ இது நடக்கவில்லை. இரண்டும் சேர வேண்டியிருந்தது. விளைவு நீடிக்கவும் இல்லை. குடலில் துளையிட்டு செப்சிஸ் (தொற்று உடல் முழுக்கப் பாதிக்கும் நிலை) வரவழைத்த எலிகளில், சரியான அழுத்தமும் இடைவெளியும் அமைந்தபோது பிழைத்தவை கூடின. அழற்சியை அடக்கும் இன்டர்லூகின்-10 இல்லாத எலிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அளவை மாற்றினாலும் பலன் போய்விட்டது. ஆக்சிஜன்தானே, கூட இருந்தால் என்ன என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி விஷயத்தை யோசிக்க வேண்டும். இதற்கும் மருந்தைப் போல டோஸ் உண்டு.

டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எலிகளில் மண்ணீரலும் தைமஸும் சுருங்கியதும், ஒட்டுத்தோல் நிராகரிக்கப்படுவது தள்ளிப்போனதும் பதிவாகியுள்ளன. மனிதர்களில் ஒரே ஒரு தடவை உள்ளே போய் வந்தபின் சி.டி-4, சி.டி-8 என்ற இரு வகை டி செல்களின் விகிதம் சற்று மாறி, சீக்கிரமே பழைய நிலைக்கு வந்தது. மனிதர்களுக்குக் கொடுக்கும் அளவில் இது எதிர்ப்பு சக்தியை ஒடுக்கும் மருந்தாக வேலை செய்கிறது என்று சொல்வது மிகை.

பல நாள் தொடர்ந்து போனால் படம் மாறும். ஜெர்மனியின் உல்ம் நகரில் 1990-களில் செய்த ஆய்வுகள் எனக்குப் பிடித்தவை. நலமாக இருப்பவர்களை 2.5 அட்மாஸ்பியரில், இடைவெளி விட்டு 20 நிமிடம் வீதம் மூன்று முறை ஆக்சிஜன் சுவாசிக்க வைத்து, உடனே ரத்தம் எடுத்து வெள்ளையணுக்களின் டி.என்.ஏ-வைப் பார்த்தார்கள். தெளிவான சேதம் தெரிந்தது. சில மணி நேரத்தில் அது பழுதுபார்க்கப்பட்டுவிட்டது. மறுநாள் அதே ஆட்களை மறுபடி உள்ளே அனுப்பினால் சேதம் தெரியவில்லை! லிம்ஃபோசைட்டு வகை வெள்ளையணுக்கள் ஒரே நாளில் தற்காப்பை ஏற்படுத்திக்கொண்டன. அதில் ஹீம் ஆக்சிஜனேஸ்-1 என்ற நொதிக்குப் பங்கு இருப்பதாகப் பிறகு கண்டார்கள். முதல் நாள் நேரத்தைக் குறைத்து, படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போனால் அந்த முதல் சேதத்தையே தவிர்க்க முடிந்தது.

அதாவது சிகிச்சையின் ஒரு பகுதி, ஆக்சிஜன் தரும் லேசான அடிக்கு உடல் காட்டும் பதில்தான். அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும், அதிக ஆக்சிஜனிலிருந்து சாதாரண அளவுக்குத் திரும்புவதை அணுக்கள் ஒரு பற்றாக்குறை போல எடுத்துக்கொண்டு, ஆக்சிஜன் குறைந்தால் முடுக்கப்படும் எச்.ஐ.எஃப் என்ற புரதத்தின் வழியைத் திறக்கின்றன என்று ஒரு விளக்கம் உண்டு. அணுக்கள் ஆக்சிஜனை உணரும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. எலும்பு மஜ்ஜையும் அசைகிறது. தாமின் குழு 2006-ல் காட்டியபடி, 2 அட்மாஸ்பியரில் 2 மணி நேரம் ஒரே ஒரு தடவை இருந்தாலே ரத்தத்தில் சுற்றும் சி.டி-34 மூல அணுக்கள் இரு மடங்காயின. 20 தடவைக்குப் பிறகு ஏறத்தாழ எட்டு மடங்கு. புண்ணில் புது ரத்தக் குழாய் முளைப்பதற்கு இது உதவக்கூடும். குழாய் முளைத்துவிட்டால் வெள்ளையணுவுக்கு நாள் முழுக்க ஆக்சிஜன் கிடைக்கும், சேம்பரில் இருக்கும் இரண்டு மணி நேரம் மட்டும் இல்லாமல்.

"எதிர்ப்பு மண்டலம் இளமையாகிறது" என்ற செய்தியையும் பார்த்திருப்பீர்கள். அது 2020-ல் வந்த இஸ்ரேல் ஆய்வு. 64 வயதுக்கு மேற்பட்ட 35 பேர், 2 அட்மாஸ்பியரில் 60 தடவை. ரத்த அணுக்களின் டெலோமியர் (வயதாக ஆகத் தேயும் குரோமோசோம் முனை) நீளம் 20 சதவீதத்துக்கும் மேல் கூடியது, முதுமையடைந்த டி ஹெல்பர் அணுக்கள் 37 சதவீதம் குறைந்தன என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத குழு அதில் இல்லை. எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. மஜ்ஜையிலிருந்து புது அணுக்கள் கூடுதலாக வெளியே வந்தால், ரத்தத்தில் இளம் அணுக்களின் பங்கு கூடிச் சராசரி நீளம் உயரும். ஒரு பழைய அணுகூட இளமையாகியிருக்க வேண்டியதில்லை. முக்கியமாக, அந்த 35 பேருக்குப் பிறகு தொற்று குறைந்ததா, தடுப்பூசிக்கு நல்ல பதில் வந்ததா என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை. நோயாளிக்கு வேண்டியது அதுதானே.

இந்த மாதிரி ஆர்வக்கோளாறு புதிதும் இல்லை. ஆர்வல் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க மருத்துவர், கண்ணுக்குத் தெரியாத, காற்றில்லாமல் வாழும் கிருமிகள்தான் நீரிழிவு உட்படப் பல நோய்களுக்குக் காரணம் என்று நம்பி, கிளீவ்லாண்டில் 1928-ல் பல மாடிகள் கொண்ட ராட்சத எஃகுக் கோளம் ஒன்றைக் கட்டி, அழுத்தப்பட்ட காற்றில் நோயாளிகளைத் தங்க வைத்தார். ஆதாரம் எங்கே என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் கேட்டது, வரவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கோளம் பழைய இரும்புக்குப் போனது.

இன்றைய வடிவம், வீட்டிலும் ஸ்பாவிலும் வைக்கும் துணிப்பை போன்ற மெத்து சேம்பர். பெரும்பாலும் 1.3 அட்மாஸ்பியர்தான். உள்ளே சாதாரணக் காற்றை அடைத்தால் கணக்கு எளிது: காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், 1.3 மடங்கு அழுத்தம், ஆக கிடைப்பது தரைமட்டத்தில் 27 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். மருத்துவமனையில் மூக்கில் மாட்டும் குழாயே இதைத் தந்துவிடும். மேலே சொன்ன இன்டெக்ரின், மஜ்ஜை ஆய்வுகளெல்லாம் 2 அட்மாஸ்பியரிலும் அதற்கு மேலும் சுத்த ஆக்சிஜனில் செய்தவை. அவற்றைக் காட்டி இந்தப் பையை விற்பது நியாயமில்லை.

சரி, உங்கள் அம்மா விஷயம். அழற்சியுள்ள மூட்டுச் சவ்வில் ஆக்சிஜன் குறைவு, அது அழற்சியை மேலும் வளர்க்கிறது என்பது தெரிந்ததுதான். அதனால் ஆக்சிஜன் உதவலாம் என்று நினைக்க ஓர் அடிப்படை இருக்கிறது. குடல் அழற்சி நோயான அல்சரேட்டிவ் கோலைட்டிஸில், மருத்துவமனையில் சேரும் அளவுக்கு முற்றியவர்கள் 18 பேரிடம் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் நோய் இதனால் கொழுந்துவிட்டு எரியும் என்ற உங்கள் பயத்துக்கு இதுவே ஓரளவு பதில். ஆனால் மூட்டுவாதத்துக்கு இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. அதை நம்பி மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்துவதுதான் இதில் உள்ள உண்மையான ஆபத்து. மருந்தில்லாமல் சில மாதம் போனால் மூட்டு எலும்பு, திரும்பச் சரிசெய்ய முடியாத அளவுக்கு அரிக்கப்பட்டுவிடலாம்.

வேறு காரணத்துக்காக, உதாரணமாக ஆறாத நீரிழிவுப் புண்ணுக்கோ கதிர்வீச்சால் கெட்ட திசுவுக்கோ, அவருக்கு இதைப் பரிந்துரைத்தால் மூட்டுவாதம் இருப்பது மட்டுமே தடையாகாது. முதலில் நெஞ்சு எக்ஸ்ரேயும் நுரையீரல் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். ருமட்டாய்டு நோயும் மெத்தோட்ரெக்சேட்டும் நுரையீரலைத் தொடக்கூடியவை, காற்று அடைபட்ட இடம் ஏதாவது இருந்தால் அழுத்தம் இறங்கும்போது அது விரிந்து நுரையீரலைக் கிழிக்கலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் சேம்பருக்குள் போகவே கூடாது. எப்போதாவது பிளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்து போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு எடுக்கிறாரா, காய்ச்சல் இருக்கிறதா, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்று கேட்பார்கள், ஏனென்றால் அதிக ஆக்சிஜனில் அபூர்வமாக வலிப்பு வரும். நீரிழிவும் இருந்தால் உள்ளே போகுமுன் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும், சிலருக்கு அது இறங்கிவிடும். காது அடைப்பு பொதுவாக வருவது. கிட்டப்பார்வை சில வாரத்துக்குக் கூடலாம், பெரும்பாலும் தானே சரியாகும்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதற்காக மட்டும் என்றால், நான் அனுப்ப மாட்டேன். அவர் எடுக்கும் மருந்தோடு போடக்கூடிய தடுப்பூசிகள் எவை என்று மூட்டுவாத மருத்துவரிடம் கேளுங்கள். தொற்றிலிருந்து காப்பாற்ற அவருக்கு இப்போதே இருக்கிற நிரூபணமான வழி அது.